இரண்டு மார்க் சண்டைகள்

விசை, இயக்கம், அடர்த்தி. எட்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் எப்படியும் இந்த மூன்றும் வந்துவிடும். பாடத்தின் ஓரத்தில் கட்டம் கட்டி ஆளுக்கொரு கதையும் இருக்கும்: குளியல் தொட்டியிலிருந்து எழுந்து துணியில்லாமல் தெருவில் ஓடிய ஆர்க்கிமிடீஸ், சாய்ந்த கோபுரத்தில் ஏறிக் குண்டு போட்ட கலிலியோ, தலையில் ஆப்பிள் வாங்கிய நியூட்டன். கதைக்கு மார்க் கிடையாது. ஆனாலும் சூத்திரமெல்லாம் ஆவியாகிப் போன பிறகும் மண்டையில் ஒட்டிக்கொண்டிருப்பது இவைதான்.

சங்கடம் என்னவென்றால், மூன்றுக்குமே சாட்சி பலமில்லை. முதல் கதையை எழுதியவர் சம்பவத்துக்குச் சுமார் 200 வருஷம் பிந்தியவர். இரண்டாவதை எழுதியவர் சம்பவத்தின்போது பிறக்கவே இல்லை. மூன்றாவதைச் சொன்னவர் நியூட்டனேதான். ஆனால் சொன்னபோது அவருக்கு வயது 83, ஆப்பிள் விழுந்து 60 வருஷம் ஆகியிருந்தது. தலையில் விழுந்ததாக அவர்கூடச் சொல்லவில்லை.

கட்டத்தை விட்டு வெளியே வந்து பார்த்தால் அங்கே நடந்ததெல்லாம் சண்டை. நன்றாகப் படித்த பெரிய மனிதர்கள், கூச்ச நாச்சமில்லாமல் போட்ட சண்டை. அதன் தீர்ப்பை மட்டும் நாம் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு வந்தோம்.

முதலில் கிரீடம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, சிசிலித் தீவில் கிரேக்கர்கள் வாழ்ந்த சிராக்யூஸ் பட்டணம். ராஜா ஹியரோன் தங்கத்தை நிறுத்துக் கொடுத்து, சாமிக்குச் சாத்த ஒரு பொன் மாலை செய்யச் சொன்னார். இலை இலையாக வேலைப்பாடு வைத்த, தலையில் சூட்டும் மாலை. நம் புத்தகத்துப் படத்தில் இருக்கிற நாடகக் கிரீடம் இல்லை. மாலை வந்தது, எடையும் சரியாக இருந்தது. ஆனாலும் தங்கத்தில் கை வைத்து வெள்ளியைக் கலந்துவிட்டதாக ராஜாவின் காதுக்குச் செய்தி வந்தது. சேதாரம் பற்றிய சந்தேகம் ராஜாக்களுக்கும் உண்டு. மாலையை உருக்காமல் கண்டுபிடி என்று ஆர்க்கிமிடீஸிடம் பொறுப்பு வந்தது. தொட்டி, வழிந்த தண்ணீர், யுரேகா, ஓட்டம்.

இதை எழுதியவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். தண்ணீர் தளும்ப ஒரு பாத்திரம், அதில் மாலையை முக்கு, வழிவதை அள. அதே எடைத் தங்கக் கட்டியை முக்கு, வழிவதை அள. மாலைக்கு அதிகம் வழிந்தால் கலப்படம். அவர் சொல்லும் முறை இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். மாலை ஒரு கிலோ என்று வையுங்கள். அதில் 300 கிராம் வெள்ளி. தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், வெள்ளிக்கு 10.5. சுத்தத் தங்கமாக இருந்தால் சுமார் 52 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். கலப்பட மாலை சுமார் 65. வித்தியாசம் 13. மாலை நுழைகிற மாதிரி 20 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரத்தில் இந்த 13 கன சென்டிமீட்டர் ஏற்படுத்தும் நீர்மட்ட வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. விளிம்பில் தண்ணீர் பிதுங்கிக்கொண்டு நிற்பதே அதைவிட அதிகம். இலைகளுக்கிடையில் மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழி வேறு. இதை நம்பி யாரையாவது சிறையில் போட்டால் மறுநாளே அப்பீலில் வெளியே வந்துவிடுவார்.

இந்தச் சந்தேகம் 1586-இல் 22 வயது இளைஞன் ஒருவனுக்கும் வந்தது. பெயர் கலிலியோ. ஆர்க்கிமிடீஸ் மாதிரி ஆள் இப்படி முரட்டு வேலை பார்த்திருக்க மாட்டார் என்று ஒரு சின்னக் கட்டுரையே எழுதினான். அவன் சொன்ன வழி தராசு. அதன் எளிய வடிவம் இது: ஒரு தட்டில் மாலை, மறுதட்டில் அதே எடைத் தங்கம். முள் நடுவில் நிற்கும். இப்போது இரண்டையும் தொங்கவிட்டபடியே தண்ணீருக்குள் இறக்கு. அதிக இடத்தை அடைக்கும் பொருளைத் தண்ணீர் அதிகமாக மேலே தள்ளும். கலப்பட மாலை எழும்பும். நம் கணக்கில் அந்த வித்தியாசம் 13 கிராம், நல்ல தராசு பளிச்சென்று காட்டிவிடும். மிதப்பு விசையும் அடர்த்தியும் ஒரே தராசில் முடிந்தது. யாரும் ஓட வேண்டியதில்லை, உடுப்பும் பத்திரம்.

ஆர்க்கிமிடீஸே மிதக்கும் பொருள்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் தொட்டியும் இல்லை, மாலையும் இல்லை. நமக்குத் தலை சுற்ற வைக்கும் வடிவியல் இருக்கிறது. கி.மு. 212-இல் ரோமானியப் படை ஊரைப் பிடித்தபோது ஒரு சிப்பாய் அவரைக் கொன்றான். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து ரோமானிய அதிகாரி சிசெரோ தேடிப் போனபோது கல்லறை முள் புதருக்குள் கிடந்தது; ஊர்க்காரர்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. ஆள் ஓடிய கதை மட்டும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுத்து அரிஸ்டாட்டில். இவரைத் திட்டுவது சுலபம், எல்லோரும் திட்டிவிட்டார்கள். ஆனால் மனுஷன் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். மாடு இழுத்தால் வண்டி ஓடுகிறது, மாடு நின்றால் வண்டி நிற்கிறது. எனவே ஓடுகிற எதையும் யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உராய்வு என்று ஒருத்தன் சக்கரத்தைப் பிடித்து இழுப்பது அவர் கண்ணில் படவில்லை. அவ்வளவுதான் குற்றம். கனமானது சீக்கிரம் விழும், பத்து மடங்கு கனமானது பத்து மடங்கு சீக்கிரம் விழும் என்றும் சொல்லி வைத்தார். இறகையும் கல்லையும் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள்.

மாட்டிக்கொண்டது அம்பில். வில்லை விட்ட பிறகு அம்பைத் தள்ளுவது யார்? அரிஸ்டாட்டில் அசரவில்லை. வில் அம்போடு சேர்த்துக் காற்றையும் தள்ளிவிடுகிறது, அந்தக் காற்று அம்பைத் தள்ளிக்கொண்டு போகிறது என்றார். ஆறாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் ஃபிலோபோனஸ் என்பவர் இதைப் படித்துவிட்டுப் பொறுமை இழந்தார். காற்றுதான் தள்ளுகிறதென்றால் வில் எதற்கு, நாண் எதற்கு? ஒரு கழியின் நுனியில் கல்லை வைத்து, பின்னால் எத்தனை யந்திரம் கொண்டு வேண்டுமானாலும் காற்றடித்துப் பார். கல் ஒரு முழம்கூட நகராது. கையோடு இன்னொன்றும் சொன்னார்: எடையில் பெரிய வித்தியாசமுள்ள இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து போட்டால், விழும் நேரத்தில் வித்தியாசம் ரொம்பச் சொற்பம். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த ஆயிரம் வருஷத்துக்கு அரிஸ்டாட்டிலையே மனப்பாடம் செய்தார்கள்.

கோபுரத்துக்கு வருவோம். குண்டு போட்டது உண்மை; போட்டவர்தான் வேறு. கலிலியோ தராசைப் பற்றி எழுதிய அதே 1586-இல் ஹாலந்தில் சைமன் ஸ்டெவின் வெளியிட்ட புத்தகத்தில் அது இருக்கிறது. ஸ்டெவினும் அவர் சிநேகிதர், பின்னாளில் டெல்ஃப்ட் நகரத்து மேயரான யான் டி க்ரூட்டும் இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து ஒரு பலகையின் மேல் போட்டார்கள். ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு கனம். எது முதலில் விழுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இரண்டு குண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘தொம்’. ஸ்டெவின் இதை டச்சு மொழியில் எழுதினார். படித்தவர்கள் லத்தீன்தான் படிப்பேன் என்று இருந்த காலம். ‘தொம்’ வெளியூருக்குக் கேட்கவில்லை.

அதற்கு மூன்று வருஷம் கழித்து பீசா பல்கலைக்கழகத்தில் கலிலியோ வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார். வருஷத்துக்கு 60 ஸ்கூடி சம்பளம். பிழைப்புக்கே பற்றாத பணம். வாத்தியார்கள் எப்போதும் நீள அங்கி போட்டுக்கொண்டு திரிய வேண்டும் என்ற விதியைக் கிண்டல் செய்து ஒரு நீளமான கவிதை எழுதினார். சக ஊழியர்கள் மத்தியில் அவருக்கு எவ்வளவு நல்ல பெயர் இருந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம். அங்கேதான் கோபுரத்தில் ஏறினார் என்கிறார் விவியானி. விவியானி பிறந்தது 1622. கோபுரச் சம்பவம் 1590 வாக்கில். குருவின் கடைசிக் காலத்தில் கூட இருந்த சீடர் அவர், 1654-இல் பக்தியோடு எழுதினார். பக்தி வந்தால் கோபுரம் தானாக வரும்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பீசாவில் இருந்தபோது கலிலியோ எழுதி, வெளியிடாமல் வைத்த கையெழுத்துப் பிரதி இருக்கிறது. அதில் அவர் சொல்வது: ஒரே பொருளால் ஆனவை ஒரே வேகத்தில் விழும்; ஈயமும் மரமும் வெவ்வேறு வேகத்தில் விழும். அதுவும் ஆரம்பத்தில் மரம் முந்தும், பிறகு ஈயம் அதைத் தாண்டும். பாடப்புத்தகக் கலிலியோ கோபுரத்தில் நிற்கிற அதே சமயத்தில் அசல் கலிலியோ கீழே உட்கார்ந்து தப்பான விடையை எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கும் நடக்கக் கூடியதுதான். அவர் பேப்பரைக் கொடுக்காமல் மறைத்து வைத்துக்கொண்டார், புத்திசாலி.

என்னைக் கேட்டால் இந்தக் கும்பலின் உச்சகட்டச் சண்டை 1611-இல் ஃப்ளாரன்ஸில் நடந்ததுதான். எந்தப் பாடப்புத்தகமும் அதற்குக் கட்டம் கட்டுவதில்லை. கலிலியோ அப்போது தொலைநோக்கியில் வியாழனின் நிலாக்களைக் கண்டுபிடித்து, மெடிச்சி பிரபுவின் அரண்மனையில் உத்தியோகமும் வாங்கிவிட்ட பெரிய மனுஷன். கோடைக் காலம். நண்பர் வீட்டில் படித்தவர்கள் கூடியிருந்தார்கள், பேச்சு பனிக்கட்டிக்குப் போனது. குளிர்ச்சி எதையும் இறுக்கும், எனவே பனிக்கட்டி என்பது இறுகிய தண்ணீர் என்றது அரிஸ்டாட்டில் கட்சி. இறுகினால் கனம்தானே, பிறகு ஏன் மிதக்கிறது? தட்டையாக அகலமாக இருப்பதால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்க முடியவில்லை என்றார்கள். கலிலியோ, பனிக்கட்டி தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மிதக்கிறது, வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். தட்டையாக இருப்பது இறங்க விடாது என்றால் ஏறவும் விடக்கூடாதே. அடியில் அமுக்கிவிட்ட பனித்தகடு மட்டும் எப்படி மேலே வருகிறது?

மூன்று நாள் கழித்து எதிர்க்கட்சி ஆள் கொண்டுவந்தது. லொதொவிகோ தெல்லே கொலொம்பே. லேசுப்பட்ட ஆள் இல்லை. நிலவில் மலையும் பள்ளமும் இருப்பதைக் கலிலியோ தொலைநோக்கியில் காட்டியபோது, பள்ளத்தையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பளிங்கு நிரப்பியிருக்கிறது, ஆகவே நிலா அரிஸ்டாட்டில் சொன்னபடி மழமழ உருண்டைதான் என்று வாதாடியவர். அப்படியானால் அதே பளிங்கில் பத்து மடங்கு உயரமான மலைகள் இருப்பதாக நானும் சொல்லுவேன் என்பது கலிலியோவின் பதில்.

இந்த கொலொம்பே கையில் கருங்காலிக் கட்டையோடு வந்தார். கருங்காலி தண்ணீரைவிடச் சற்றுக் கனம். உருண்டையாகச் செதுக்கிப் போட்டார், மூழ்கியது. அதே மரத்தை மெல்லிய சில்லாகச் சீவி மெதுவாக நீரின் மேல் வைத்தார். மிதந்தது! ஊரே பார்த்தது. இப்போது என்ன சொல்கிறாய் என்றார்கள். கலிலியோ முழுசாக நனைத்துப் போடு என்றார். நனைத்தால் சில்லு மூழ்கிவிடும் என்று கொலொம்பேக்குத் தெரியும், அதெல்லாம் பேச்சில் இல்லை என்றார். இரண்டு பக்கமும் ஆட்டம் செல்லாது என்று கத்த ஆரம்பித்தது. அரண்மனை உத்தியோகஸ்தர் தெருவில் சண்டை போடுவது கௌரவமாக இல்லை, எழுதிக் கொடும் என்று பிரபு கொசிமோ சொல்லும்படி ஆயிற்று.

அப்படியும் ஓயவில்லை. அக்டோபரில் அரண்மனை விருந்தில், இரண்டு கார்டினல்கள் முன்னிலையில் அதே பஞ்சாயத்து. கோன்ஸாகா அரிஸ்டாட்டில் பக்கம், பார்பெரினி கலிலியோ பக்கம். 1612-இல் கலிலியோவின் புத்தகம் வந்தது, ஊர் ஜனம் படிக்கிற இத்தாலிய மொழியில். அந்த வருஷமே இரண்டாம் பதிப்பும் போனது. சில்லை உற்றுப் பார் என்கிறார் அதில். அது தண்ணீரின் மேல் உட்காரவில்லை, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்னக் குழிக்குள் கிடக்கிறது. சுற்றிலும் தண்ணீர் வரப்பு கட்டி நிற்கிறது. ஆக மிதப்பது வெறும் மரம் இல்லை, மரமும் குழியில் உள்ள காற்றும் சேர்ந்த பண்டம். இது முக்கால்வாசி சரி. வரப்பைத் தாங்குவது பரப்பு இழுவிசை என்பதைச் சொல்ல இன்னும் ஆள் வர வேண்டியிருந்தது. பனிக்கட்டி விஷயத்தில் தீர்ப்பு முழுக்க அவர் பக்கம்: அதன் அடர்த்தி 0.917, தண்ணீருடையது 1.

விருந்தில் கலிலியோ பக்கம் பேசிய பார்பெரினி 1623-இல் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் ஆனார். பத்து வருஷம் கழித்து, பூமி சுற்றுகிறது என்று எழுதியதற்காகக் கலிலியோ மேல் வழக்கு நடந்தது அவர் ஆட்சியில்தான். பனிக்கட்டியில் இருந்த ஒற்றுமை பூமியில் இல்லை.

தண்டனையாக வீட்டுக் காவலில் கிடந்த கிழவர் பழைய குறிப்புகளைத் தூசி தட்டிப் புத்தகமாக்கினார். கோபுரத்திலிருந்து விழும் குண்டைப் பிடித்து அளக்க அந்தக் காலத்தில் கடிகாரம் ஏது? அதனால் விழுவதையே மெதுவாக்கியிருந்தார். 12 முழம் நீளமுள்ள கட்டை, அதில் ஒரு விரல் அகலத்துக்கு நேர்த்தியான பள்ளம், பள்ளத்தில் வழவழப்பான தோல் தாள். கட்டையைச் சற்றுச் சாய்த்து ஒரு வெண்கலக் குண்டு. மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் சின்னக் குழாய். குண்டை விடும்போது தண்ணீரைத் திறப்பார், சேர்ந்ததும் மூடுவார். கிண்ணத்தில் விழுந்த தண்ணீரை நிறுப்பார். ஆமாம், நேரத்தை எடை போட்டார். முதல் நொடியில் ஒரு பங்கு தூரம் போனால், இரண்டாம் நொடியில் மூன்று பங்கு, அடுத்து ஐந்து, ஏழு. வேகம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகிறது. முடுக்கம் என்று நாம் எழுதுவது இதைத்தான். கனமான கல்லையும் லேசான கல்லையும் கட்டிப் போட்டால் சேர்ந்த கல் சீக்கிரம் விழுமா, லேசான கல் இழுத்துப் பிடிப்பதால் தாமதிக்குமா என்று கேட்டு அரிஸ்டாட்டிலை மடக்கியதும் இந்தப் புத்தகத்தில்தான். 1638-இல் லெய்டனில் அச்சானது. அச்சுப் பிரதி கைக்கு வந்தபோது அவருக்குப் பார்வை போயிருந்தது.

நியூட்டன் கதையில் ஆப்பிளைவிட காபிக் கடை முக்கியம். 1684 ஜனவரி, லண்டன். ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்டஃபர் ரென், ராபர்ட் ஹூக், எட்மண்ட் ஹாலி மூவரும் உட்கார்ந்து, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் விசை கிரகங்களை எந்தப் பாதையில் கொண்டுபோகும் என்று பேசினார்கள். எனக்கு நிரூபணம் தெரியும் என்றார் ஹூக். காட்டும் என்றார்கள். காட்ட மாட்டாராம், மற்றவர்கள் முயன்று தோற்ற பிறகுதான் அதன் அருமை தெரியும், அதுவரை ரகசியமாம். வீட்டுப்பாடத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்த பையன்கள் இதைவிட நல்ல சாக்காகச் சொல்வார்கள். இரண்டு மாதத்துக்குள் காட்டினால் 40 ஷில்லிங் பெறுமானப் புத்தகம் பரிசு என்றார் ரென். யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜுக்கே போய் நியூட்டனைக் கேட்டார். நீள்வட்டம் என்றார் நியூட்டன் உடனே. எப்படித் தெரியும்? கணக்குப் போட்டிருக்கிறேன். எங்கே? காகிதங்களைக் கிளறிப் பார்த்தார், கிடைக்கவில்லையாம். ஐரோப்பாவின் இரண்டு பெரிய மூளைகளும் ஒரே வருஷத்தில் ஆளுக்கொரு சாக்கைச் சொல்லியிருக்கின்றன. வித்தியாசம், நியூட்டன் நவம்பரில் எழுதியே அனுப்பிவிட்டார். அந்தச் சில பக்கங்கள் வளர்ந்து பிரின்சிபியா ஆயிற்று: தள்ளாதவரை நின்றது நிற்கும், ஓடுவது நேராக ஓடும், விசைக்கேற்ற முடுக்கம், ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை.

புத்தகம் வரும் செய்தி கேட்டதும் ஹூக், எதிர்விகித வர்க்க யோசனை என்னுடையது, முன்னுரையில் ஒரு வார்த்தை போடட்டும் என்றார். கொஞ்சம் நியாயம் இருந்தது. 1679-இல் அவர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள்; விழும் பொருளின் பாதையை நியூட்டன் தப்பாகச் சுருளாக வரைந்து அனுப்ப, ஹூக் அந்தத் தப்பை ராயல் சொசைட்டி கூட்டத்தில் எல்லோர் முன்னும் வாசித்துக் காட்டிவிட்டார். நியூட்டன் மறக்கிற ஜாதி இல்லை. மூன்றாம் பாகத்தையே வெளியிட மாட்டேன் என்று குதித்தார், ஹூக் பெயர் வந்த இடங்களைத் தேடித் தேடி அடித்தார். சமமான எதிர்வினை என்று எழுதிய கை அது. இந்த ஒரு விஷயத்தில் சமம் என்ற சொல் மட்டும் விட்டுப்போயிற்று.

இடையில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் பேசியவர் ஹாலி. பிழை திருத்தியவரும் அவர்தான். பணத்துக்கு ராயல் சொசைட்டியைக் கேட்டபோது பெட்டி காலி. காரணம், சங்கம் 1686-இல் வில்லபி என்பவரின் மீன்களின் வரலாறு என்ற தடிமனான புத்தகத்தைப் பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு அச்சடித்திருந்தது. அதை யாரும் வாங்கவில்லை. கடைசியில் ஹாலி தன் கைக்காசைப் போட்டு 1687-இல் பிரின்சிபியாவை அச்சேற்றினார். முகப்பில் பெரிய எழுத்தில் சங்கத் தலைவர் சாமுவேல் பீப்ஸ் பெயர் இருக்கிறது. செலவு செய்தவர் பெயர் அங்கே இல்லை.

ஹாலி அப்போது அந்தச் சங்கத்திலேயே குமாஸ்தா, 50 பவுண்டு சம்பளம். அதையும் ரொக்கமாகக் கொடுக்கச் சங்கத்துக்கு வழியில்லை. கிட்டங்கியில் விற்காமல் கிடந்த மீன் புத்தகங்களை எண்ணி எடுத்து, சம்பளத்துக்கு இதை வைத்துக்கொள்ளும் என்று கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் அவருக்குச் சம்பளம் மீனாக வந்தது, அதுவும் படத்தில்.